கோழி மேயும் தெருவில் ஒரு கன்னி நாய்

ஒரு நாய் நல்ல நாயா என்று அதை வளர்ப்பவரிடம் கேட்டுப் பயனில்லை. எங்களுக்கு எங்கள் நாய் எப்போதும் தங்கம்தான். எதிர்வீட்டில் கேட்க வேண்டும். பால்காரரிடம், சிலிண்டர் போட வரும் தம்பியிடம், வாசலில் வத்தல் காயப்போடும் ஆச்சியிடம் கேட்க வேண்டும். "அது இருக்கறதே தெரியாதும்மா" என்று அவர்கள் சொன்னால், பழக்கியவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

எங்கள் பொம்மியைப் பழக்கவேண்டி வந்ததே அக்கம்பக்கத்தை நினைத்துத்தான். கோவில்பட்டியில் வாடகை வீடு. நாய்க்குட்டி கொண்டுவரலாமா என்று கேட்டதற்கு வீட்டு ஓனர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொண்டு வாங்கம்மா. ஆனா தெருவுல இருந்து ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா, வீடா நாயான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றார். நியாயமான பேச்சு. தெருவில் பல வீடுகளில் கோழி, கடைசி வீட்டில் வெள்ளாடு, சாயங்காலமானால் பையன்களின் கிரிக்கெட். இதற்கு நடுவே நாங்கள் கொண்டுவந்தது கன்னி என்ற வேட்டை நாய் இனத்தை.

கன்னியைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கறுப்பு உடம்பு, காலிலும் நெஞ்சிலும் செம்பழுப்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பொட்டு. வெளிர் நிறத்தில் இருப்பதைப் பால்கன்னி என்பார்கள். சிப்பிப்பாறை நாயும் இதுவும் நெருங்கிய சொந்தம். மெலிந்த வயிறு, நீண்ட கால், ஊசியான முகம். முயல் பிடிக்க வளர்த்த வம்சம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம். வேலை போய்விட்டது, வேகம் மட்டும் ரத்தத்தில் மிச்சம். 2005இல் அஞ்சல்துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது நம் பக்கத்திலிருந்து ராஜபாளையத்துக்குத்தான் இடம் கிடைத்தது. கன்னிக்குக் கிடைக்கவில்லை என்று இங்கே சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. எனக்கும்தான். 2020 ஆகஸ்ட் 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, ராஜபாளையம் எல்லாவற்றையும் பெயர் சொன்னதில் அது ஓரளவு தீர்ந்தது.

இந்த நாய்களைப் பழக்குகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இவை மூக்கை நம்பி ஓடுபவை அல்ல, கண்ணை நம்பி ஓடுபவை. தூரத்தில் எதுவாவது அசைந்தால் போதும், கழுத்து நிமிரும், காது பின்னால் மடியும், அந்த நிமிடத்தில் நாம் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. திமிர் என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். திமிர் இல்லை, பிறவிக் குணம். அதனால் அசைவது கண்ணில் படுவதற்கு முன்னாலேயே நம் குரல் அதற்கு ருசியாகியிருக்க வேண்டும். பழக்குவது என்று நான் சொல்வதில் முக்கால்வாசி இதுதான்.

நாங்கள் பெயரிலிருந்து ஆரம்பித்தோம். பொம்மி என்று சொன்னதும் திரும்பிப் பார்த்தால் வாயில் ஒரு துண்டு ஈரல். கோழி ஈரலை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்வேன். துண்டு பெரிதாக இருந்தால் மென்றுகொண்டிருக்கும்போதே எதற்குக் கிடைத்தது என்பது மறந்துவிடும். கொடுக்கிற நேரமும் முக்கியம். செய்த ஓரிரு வினாடிக்குள் வாய்க்குப் போக வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்து வந்து கொடுத்தால், ஃப்ரிட்ஜ் திறந்ததற்குப் பரிசு என்று அது நினைத்துக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் வீட்டு மனிதர்கள். என் கணவர் 'சிட்' என்பார், மகன் 'ஒக்காரு' என்பான், அத்தை 'படுத்துக் கெடம்மா' என்று கொஞ்சுவார். மூன்றுக்கும் பொம்மி ஒரே மாதிரி முழித்துக்கொண்டு நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பேசி, மொத்தம் ஐந்தே வார்த்தை என்று முடிவு செய்து, காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி அடுப்படியில் மாட்டினோம்: வா, இடம், இரு, விடு, சரி. 'சரி' என்றால் வேலை முடிந்தது, இனி உன் இஷ்டம் என்று அர்த்தம். வெளியில் பலர் இந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. எப்போது எழுந்திருக்கலாம் என்று நாம் சொல்லாவிட்டால் நாய் தானே முடிவு செய்யும்.

பட்டியலில் 'உட்கார்' இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். மற்ற நாய்களுக்கு அது சுலபம். மூக்குக்கு மேலே தீனியைத் தூக்கினால் தலை நிமிர்ந்து பின்புறம் தானாகத் தரையில் படியும். வேட்டை நாய்க்குத் தொடையெல்லாம் தசை, பின்புறத்தில் கொழுப்பே கிடையாது. சிமெண்ட் தரையில் குந்துவது அதற்கு வசதிப்படாது. அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, ஒரு சணல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு 'இடம்' என்று பழக்கினோம். சாக்கில் ஒரு கால் வைத்தாலே ஈரல். அப்புறம் நான்கு காலும் வைத்தால். அப்புறம் படுத்தால். அப்புறம் நான் இரண்டு அடி தள்ளிப் போய்த் திரும்பும்வரை படுத்திருந்தால். அவசரப்பட்டு அடுத்த படிக்குத் தாவினால் நாய் குழம்பும். குழம்பினால் ஒரு படி கீழே இறங்கி, அதற்குத் தெரிந்ததைச் செய்யவைத்து, அத்தோடு அன்றைய பாடத்தை முடிப்போம். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பாடமும் இல்லை.

அந்தச் சாக்கினால் எங்களுக்குக் கிடைத்த சுதந்திரத்தை இப்படி விளக்கலாம். எட்டயபுரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனால் திண்ணையில் சாக்கை விரிப்பேன். பொம்மி ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். பெரியம்மா காபி கொடுக்கலாம், சின்னப் பிள்ளைகள் ஓடலாம், தட்டில் முறுக்கு இருக்கலாம். டீக்கடை பெஞ்சுக்குக் கீழேயும் அதே சாக்கு, அதே படுக்கை. காலிங் பெல் அடித்தால் வாசலுக்குப் பாய்கிற நாய், பெல் அடித்தால் சாக்குக்கு ஓடுகிற நாயானதும் இதே முறையில்தான்: மகன் வெளியே நின்று பெல்லை அழுத்துவான், நான் உள்ளே 'இடம்' சொல்லி ஈரலோடு நிற்பேன். கொஞ்ச நாளில் நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை, பெல்லே சொல்லிவிடும். சிலிண்டர் தம்பி முன்பெல்லாம் கேட்டுக்கு வெளியிலிருந்தே "அக்கா, நாயைக் கட்டியாச்சா?" என்று கத்துவார். இப்போது உள்ளே வந்து சிலிண்டரை இறக்கிவிட்டு, சாக்குப் பக்கம் பார்த்து "என்ன பொம்மி, சாப்பிட்டாச்சா?" என்று விசாரிக்கிறார்.

'வா' என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. திட்டுவதற்கு, குளிப்பாட்டுவதற்கு, ஊசி போடுவதற்கு 'வா' என்று கூப்பிடக்கூடாது. அதற்கெல்லாம் நாம்தான் அதனிடம் போக வேண்டும். 'வா' என்றால் நல்லது மட்டுமே நடக்கும் என்று அது நம்ப வேண்டும். தூரத்தில் கூப்பிட, பி.டி. வாத்தியார் வைத்திருப்பது மாதிரி ஒரு விசில் வாங்கினேன். ஒவ்வொரு வேளையும் சோற்றுத் தட்டை வைப்பதற்கு முன் இரண்டு சின்ன ஊதல். வேறு எதற்கும் ஊதுவதில்லை. குக்கர் விசிலுக்கும் ஓடி வருமோ என்று பயந்தேன், நல்லவேளை, அதற்கு வித்தியாசம் தெரிகிறது. வீட்டுக்குள் சரியான பிறகு கிணற்றுக் கயிறு மாதிரி முப்பதடி நைலான் கயிற்றைக் கட்டி வெளியே அதையே செய்தோம். கயிறு இழுப்பதற்கு அல்ல, ஓடிப் போகாமல் காப்பதற்கு. இழுத்து வரவழைத்தால் கயிறு இருக்கும்வரைதான் அந்த நாய் வரும்.

கயிறு என்றதும் கழுத்துப் பட்டை ஞாபகம் வருகிறது. இந்த வகை நாய்களுக்குத் தலையைவிடக் கழுத்து தடிமன். கடையில் விற்கிற சாதாரணப் பட்டையை மாட்டினால், பின்னால் ஒரு எட்டு வைத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். இறுக்கினால் கழுத்து புண்ணாகும். செருப்பு தைக்கும் அண்ணாச்சியிடம் சொல்லி நாலு விரல் அகலத்தில் மெத்தென்ற தோல் பட்டை தைத்துக்கொண்டோம். காதுக்குச் சற்றுக் கீழே, கழுத்தின் மேல்பகுதியில் நிற்கும்படி மாட்ட வேண்டும். இரண்டு விரல் உள்ளே போகிற அளவு தளர்வு போதும்.

சரி, கோழி விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் பலரும் கேட்பது இதைத்தான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு செவலைக் கோழி உண்டு. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடுத்தெருவில் குப்பையைக் கிளறும். பொம்மியை முதன்முதலில் அந்தப் பக்கம் நடத்திப் போனபோது, கோழி இறக்கையை ஒருமுறை உதறியதும் இதன் உடம்பு முழுக்க வில் நாணாக விறைத்தது. முன்கால் ஒன்று தூக்கியபடி நின்றது, உதடுகூட அசையவில்லை. அந்த நிலையில் ஈரலை மூக்கில் ஒட்டினாலும் அதற்குத் தெரியாது. எனவே பின்வாங்கினோம். தெரு முனைவரைக்கும். அங்கிருந்து கோழி ஒரு புள்ளியாகத் தெரியும். பொம்மி கோழியைப் பார்க்கும். நான் பேசாமல் நிற்பேன். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினால் அந்தக் கணத்தில் 'நல்ல பிள்ளை' என்று சொல்லி ஈரல். கோழியைப் பார், அப்புறம் என்னைப் பார், ஈரல் வாங்கு. இதுதான் கணக்கு. திரும்புவது சுலபமானதும் ஒரு வீடு முன்னேறுவோம். விறைத்தால் ஒரு வீடு பின்னால். மழைக்காலம் தொடங்கி முடியும்வரை இதேதான். ஆச்சி வத்தலைப் புரட்டிக்கொண்டே, "எம்மா, நீ நாயைப் பழக்குதியா, கோழியைப் பழக்குதியா?" என்று கேட்பார்.

இப்போது அந்தச் செவலைக்கு ஐந்தடி தள்ளி நடந்து போகிறோம். பொம்மி ஒரு பார்வை பார்க்கும், என் முகத்தைப் பார்க்கும், நடக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: கயிறு என் கையில்தான் இருக்கும். கோழி இருக்கிற இடத்தில் கன்னி நாயை அவிழ்த்துவிட்டு, "நம்ம நாய் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நூற்றாண்டுகளாக ஊறிய குணத்தை ஒரு டப்பா ஈரல் அழித்துவிடாது. பழக்கம் நமக்குக் கொடுப்பது யோசிக்க ஓர் இடைவெளி, அவ்வளவுதான்.

ஓட வேண்டுமே, அதற்கு என்ன செய்ய? சொந்தக்காரர் ஒருவரின் காலி மனை ஊருக்கு வெளியே இருக்கிறது. சுற்றிக் காம்பவுண்ட், கேட் உண்டு. விடியற்காலையில் அங்கே கொண்டுபோய்க் கயிற்றைக் கழற்றுவோம். அதை நேரில் பார்த்தால்தான் புரியும். ஒரே பாய்ச்சலுக்குள் இரண்டு முறை நாலு காலும் தரையை விட்டு எழும்பிவிடும்: உடம்பு முழுக்க நீட்டி விரித்திருக்கும்போது ஒருமுறை, கால்கள் நான்கும் வயிற்றுக்கடியில் வந்து கூடும்போது மறுமுறை. கரிசல் மண் பின்னால் தெறிக்கும். நாலைந்து சுற்று, அவ்வளவுதான். மூச்சு வாங்க வந்து என் காலடியில் விழுந்துவிடும். அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம். வேட்டை நாய் என்றால் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், இதைவிடச் சோம்பேறி நாய் கிடையாது. நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டுவிட்டு 'குரைக்கிறது, பாய்கிறது' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். புறங்கையை ரோட்டில் வைத்து ஐந்து வினாடி தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

சாப்பாட்டைப் பற்றித் தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "காரமா போட்டாத்தாம்மா நாய்க்கு ரோஷம் வரும்" என்று ஒருவர். வயிற்றுப்போக்குதான் வரும். நாங்கள் சோறு, முட்டை, கோழிக்கறி, தயிர் என்று கொடுக்கிறோம். வெங்காயம் போட்ட சாம்பார், குழம்பு எதுவும் கிடையாது. வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பண்டிகை நாளில் வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஆசையாய் ஊட்டப் பார்ப்பார்கள், அத்தை தடுத்துவிடுவார். ஆரம்பத்தில் "நாயெல்லாம் எதுக்கு" என்றவர்தான், இப்போது வீட்டில் நல்ல வாத்தியார் அவர். ஒருமுறைக்கு மேல் எதையும் சொல்லமாட்டார், சொன்னதை மாற்றவும் மாட்டார். நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு நாள் நாத்தனார் மகள், பொம்மி சாப்பிடும்போது தட்டுப் பக்கம் கையை நீட்டினாள். பொம்மி உறுமியது. எல்லாரும் பதறி, "அடி போடு, இப்பவே திருத்தணும்" என்றார்கள். அடிக்கவில்லை. குழந்தையைத்தான் தள்ளி நிற்கவைத்தோம். உறுமல் என்பது எச்சரிக்கை. அதற்கு அடித்தால், உறுமக்கூடாது என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை உறுமாமல் நேராகக் கடிக்கும். அதற்குப் பதிலாக, சாப்பிடும்போது பெரியவர்கள் யாராவது நடந்து போகிற போக்கில் தட்டில் ஒரு முட்டைத் துண்டைப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவோம். கை வந்தால் பறிக்க வருகிறது என்ற நினைப்பு போய், கை வந்தால் முட்டை வருகிறது என்று ஆனது. இப்போது தட்டுப் பக்கம் யார் போனாலும் வால்தான் ஆடுகிறது. ஆனாலும் சின்னப் பிள்ளைகளையும் நாயையும் பெரியவர்கள் இல்லாமல் ஒரே அறையில் விடுவதில்லை. வால் ஆட்டுவதெல்லாம் சந்தோஷம் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, இவையெல்லாம் 'கொஞ்சம் தள்ளிப் போ' என்று நாய் சொல்வது.

மாட்டாஸ்பத்திரிக்குப் போவதற்கான பாடத்தை வீட்டிலேயே முடித்திருந்தோம். குட்டியிலிருந்தே பாதத்தைப் பிடிப்பது, காதைத் திருப்பிப் பார்ப்பது, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பது, ஒவ்வொன்றுக்கும் ஈரல். வாய்மூடி மாட்டுவதையும் இப்படியே பழக்கினோம். உள்ளே ஈரலைப் போட்டால் அதுவே மூக்கை நுழைத்துக்கொள்ளும். உண்ணி பார்ப்பதற்கும் இது உதவியது, காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும்தான் அவை ஒளிந்திருக்கும். குட்டிக்கு மூன்று மாதம் முடிந்ததும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, தவறாமல். அந்த அட்டையை ஓனரிடமும் காட்டியிருக்கிறேன். கருத்தடை அறுவைக்குப் போகிறவர்கள் டாக்டரிடம் இது வேட்டை நாய் இனம் என்று ஞாபகப்படுத்துங்கள். உடம்பில் கொழுப்புக் குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும், அவர்கள் அதற்கேற்றபடி தேர்ந்தெடுப்பார்கள்.

தீபாவளியை மட்டும் நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை. ஆவணியிலேயே போனில் வெடிச்சத்தத்தை மெதுவாக வைத்து, சோறு போடும்போது ஓடவிட்டு, நாளாக நாளாகக் கூட்டினோம். தூரத்து வெடிக்கு இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. பக்கத்தில் அணுகுண்டு வெடித்தால் நடுக்கம்தான். அன்றைக்கு உள்ளறையில் ஜன்னலை மூடி, ஃபேனையும் டிவியையும் சத்தமாக வைத்து, அத்தை கூடவே இருப்பார். ரொம்பவும் பயப்படுகிற நாய்களுக்கு டாக்டரிடம் முன்கூட்டியே மருந்து கேட்கலாம், அதில் தப்பில்லை.

பொம்மியைப் பார்த்துவிட்டுக் குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். நான் முதலில் கேட்பது, ஓடவிட இடம் இருக்கிறதா என்பதுதான். மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, சுவர் வைத்த மைதானமும் பக்கத்தில் இல்லையென்றால், கன்னி வேண்டாம். நம் தெருவிலேயே பிறக்கிற குட்டிகளில் ஒன்றை எடுத்துப் பழக்குங்கள். இதே ஈரல், இதே சாக்கு, இதைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும், கோழித் தொல்லையும் குறைவு. இடம் இருக்கிறது, கன்னிதான் வேண்டும் என்றால், குட்டியைப் பார்ப்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஆளைக் கண்டு மூலையில் ஒடுங்குகிற தாயின் குட்டியைப் பழக்குவது இரட்டை வேலை. நாய்க்குட்டி புது மனிதர்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் ஏற்றுக்கொள்வது மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரைக்கும்தான். அந்தச் சமயத்தில் ஆட்டோ, ஹெல்மெட் போட்டவர், குடை, கைத்தடி, தாடிக்காரர், பர்தா அணிந்தவர், மேளச்சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்தாவது காட்டிவிட வேண்டும். ஊசி முழுதாக முடியாத குட்டியைத் தரையில் விடாமல் மடியில் தூக்கிக்கொண்டே காட்டலாம். அதற்காக ரொம்பச் சின்னதாக வாங்கிவிடாதீர்கள். தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளும் எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்றே சொல்கின்றன. "இப்பவே எடுத்துக்கோங்க, அப்புறம் கிடைக்காது" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்கவேண்டாம்.